அலைப்பொட்டலம் 2,000 படிகளில் வெடிக்கிறது: நார்மால் வகுத்துச் சரிசெய்யலாமா?

கிளமெண்டி மாணவி
வணக்கம். எஃப்ஒய்பி-க்காக (இறுதியாண்டுத் திட்டப்பணி) ஒரு பரிமாணத்தில் எலக்ட்ரான் அலைப்பொட்டலத்தை (ஓரிடத்தில் குவிந்த அலை) ஒரு நிலையாற்றல் தடுப்பின் மீது மோதவிட்டு, எவ்வளவு ஊடுருவுகிறது என்று பைத்தானில் கணக்கிடுகிறேன். அணு அலகுகள்தான்: நிறை 1, எச்-பார் 1. பெட்டி -100 முதல் +100 வரை, புள்ளி இடைவெளி 0.1, காலப்படி 0.001. பொட்டலம் -50-இல் புறப்படுகிறது, உந்தம் 2, அகலம் 5. தடுப்பு நடுவில், உயரம் 2.

ஒவ்வொரு படியிலும் ஹாமில்டோனியனை (ஆற்றலைக் குறிக்கும் அணி) நிலைத் திசையன்மேல் (எல்லாப் புள்ளிகளிலும் அலையின் மதிப்புகள்) செலுத்தி, கற்பனை அலகாலும் காலப்படியாலும் பெருக்கி, பழைய திசையனிலிருந்து கழிக்கிறேன். 1,500 படி வரை நார்ம் (மொத்த நிகழ்தகவு, 1-ஆகவே இருக்க வேண்டியது) 1.006 அளவில் இருக்கிறது. 2,000-ஐ நெருங்கும்போது வரைபடம் முழுக்க ரம்பப் பல் மாதிரி ஆகி, எண்கள் எகிறிவிடுகின்றன. பொட்டலம் தடுப்பைத் தொடவே இல்லை! ஒவ்வொரு படியிலும் நார்மால் வகுத்துவிட்டால் போதுமா?

புக்கிட் பாத்தோக் 21
வகுக்காதீர்கள். வகுத்தால் எண் எகிறுவது நிற்கும், ஆனால் விடை இன்னும் மோசமாகும்.

ஷ்ரோடிங்கர் சமன்பாடு ஒவ்வோர் ஐகன் நிலையின் (திட்டமான ஒரே ஆற்றல் கொண்ட நிலை) கட்டக் கோணத்தை மட்டும்தான் சுழற்றுகிறது, அளவைத் தொடுவதில்லை. பல்கலைக்கு முந்தைய எச்2 கணிதத்தில் படித்த கலப்பெண் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: அலகு வட்டத்திலேயே நகர வேண்டிய புள்ளியை, நீங்கள் பயன்படுத்தும் ஆய்லர் முறை தொடுகோட்டின் வழியே தள்ளுகிறது. தொடுகோட்டில் போனால் வட்டத்துக்கு வெளியேதான் போவோம். ஆற்றல் × காலப்படி எவ்வளவோ, அதன் வர்க்கத்தை 1-உடன் கூட்டினால், ஒரு படியில் அந்த நிலையின் நிகழ்தகவு எத்தனை மடங்காகிறது என்பது கிடைக்கும்.

உங்கள் பொட்டலத்தின் ஆற்றல் சுமார் 2. பெருக்கல் 0.002, வர்க்கம் 0.000004, 1,500 படிகளில் 1.006. நீங்கள் பார்த்த எண் அதுதான். ஆனால் மூன்று புள்ளிச் சூத்திரத்தில் (இரண்டாம் வகைக்கெழுவை ஒரு புள்ளி, அதன் இரு அண்டைப் புள்ளிகள் கொண்டு கணிப்பது) உங்கள் புள்ளி வலை தாங்கும் உச்ச இயக்க ஆற்றல், 2-ஐ இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தது, அதாவது 200. அந்த நிலை அடுத்தடுத்த புள்ளிகளில் கூட்டல், கழித்தல் என்று குறி மாறும்: உங்கள் ரம்பப் பல். அதற்குப் பெருக்கல் 0.2, வீச்சு படிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் வளரும். பதினாறாம் இலக்கத்தில் கிடக்கும் சுற்றுப் பிழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வர 1,900 படிகள் போதும். காலப்படியைப் பாதியாக்கினால் வெடிப்பு காலம் 1.9-இலிருந்து 3.7-க்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு படியிலும் வகுத்தால்? ஐகன் மதிப்பு தேட நாம் பயன்படுத்தும் பவர் மெத்தட் அதுவேதான். பொட்டலம் தேய்ந்து, உச்ச ஆற்றல் நிலைகள் மட்டும் மிஞ்சும். நார்மோ சமர்த்தாக 1 என்று காட்டும்.

கிராங்க்-நிக்கல்சனுக்கு மாறுங்கள். 1947-இல் வெப்பக் கடத்தலுக்காக வந்த முறை, இங்கும் அழகாகப் பொருந்தும். பாதிப் படி பழைய திசையனிலிருந்து முன்னோக்கி, பாதிப் படி புதிய திசையனிலிருந்து பின்னோக்கி. இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும் என்று சமன்படுத்துகிறோம். ஒவ்வோர் ஆற்றலுக்கும் பெருக்குக் காரணியின் அளவு சரியாக 1.

காலப்படி 0.01 எடுத்தால், இடப்பக்க அணியின் நடு மூலைவிட்டம்: மெய்ப்பகுதி 1, கற்பனைப் பகுதி 0.5 + 0.005 × அந்தப் புள்ளியின் நிலையாற்றல். இருபக்க மூலைவிட்டங்கள் முழுக் கற்பனை, -0.25. வலப்பக்கத்தில் கற்பனைப் பகுதிகளின் குறி மட்டும் மாறும். பைத்தான் நூலகமான சைபையின் சால்வ்_பேண்டட் சார்பு இதை நொடியில் தீர்க்கும். அணியை உருவாக்கும்போதே கலப்பெண் வகை என்று குறிப்பிடுங்கள். மறந்தால் நம்பை நூலகம் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுக் கற்பனைப் பகுதியை வீசிவிடும், நிரல் நிற்காமல் ஓடும்.

ஈசூன் வடக்கு
மேலே சொன்னது சரி. ஆனால் நார்ம் 1 என்பதை மட்டும் வைத்து விடையை நம்பிவிடாதீர்கள். கிராங்க்-நிக்கல்சனில் பிழை கட்டக் கோணத்தில் ஒளிந்துகொள்ளும். ஆற்றல் × காலப்படி 1 என்றால் 1 ரேடியன் சுழல வேண்டியது 0.927 ரேடியன்தான் சுழலும், நார்ம் அப்போதும் 1. உங்கள் 0.02-க்கு இது கவலையில்லை. இருந்தாலும் காலப்படியைப் பாதியாக்கி ஊடுருவல் மாறுகிறதா என்று பாருங்கள்.

இடைவெளியையும் அப்படியே சோதியுங்கள். 0.1 இடைவெளியில் பொட்டலத்தின் வேகம் 2-க்குப் பதில் 1.987 வரும். காலம் 60-க்குள் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போனால் ஊடுருவிய பகுதி சுவரில் மோதித் திரும்பி வந்து கணக்கில் கலந்துவிடும். இன்னொன்று: பாடநூலின் ஊடுருவல் சூத்திரம் ஒற்றை உந்தத்துக்கானது. உங்கள் பொட்டலத்தில் உந்தம் 0.1 அளவுக்குப் பரவியிருக்கிறது, ஆற்றல் 0.2 அளவுக்கு. தடுப்பின் உயரமும் அதே 2 என்பதால் இந்தப் பரவல் விடையை நன்றாகவே மாற்றும். சூத்திரத்தை உந்தப் பரவல்மேல் சராசரி எடுத்த பிறகே ஒப்பிடுங்கள்.

கிளமெண்டி மாணவி
ரொம்ப நன்றி. மேற்பார்வையாளர் ஆர்கே4 (நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறை) போதும் என்கிறார். அடுத்த கட்டமாக லேசர் புலமும் சேர்க்க வேண்டும். ஆஸ்பயர் 2ஏ மீக்கணினியில் இடம் கேட்கட்டுமா?

புக்கிட் பாத்தோக் 21
2,001 புள்ளிகள், 6,000 படிகள், மடிக்கணினியே தாராளம்.

ஆர்கே4 ஓடும், ஆனால் காலப்படி 0.014-ஐத் தாண்டினால் அதுவும் வெடிக்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் அந்த வரம்பு கால்வாசியாகிவிடும்.

லேசர் வந்ததும் ஹாமில்டோனியன் காலத்தோடு மாறுகிறது. வெவ்வேறு நேரத்து ஹாமில்டோனியன்கள் பரிமாற்று விதிக்குக் கட்டுப்படாதவை. மொத்தத்தையும் காலத்தில் தொகையிட்டு ஒரே அடுக்குக்குறியில் போட முடியாது. சிறு படிகளாகப் போய், ஒவ்வொரு படியிலும் புலத்தின் மதிப்பைப் படியின் நடு நேரத்தில் எடுங்கள். தொடக்க நேரத்தில் எடுத்தால் யூனிட்டரித் தன்மை (மொத்த நிகழ்தகவைக் காப்பது) கெடாது, நார்மும் 1-ஆகவே இருக்கும். துல்லியம் மட்டும் இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு இறங்கிவிடும். காலப்படியைப் பாதியாக்கும்போது பிழை கால்வாசியாகாமல் பாதியாக மட்டும் குறைந்தால், முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.