புதுப்பிப்பு: ஹெட்போனா, ஸ்பீக்கரா? வாங்கியாச்சு

பத்தாயிரம் ரூபாய்க்குள் பாட்டு கேட்க ஹெட்போன் நல்லதா, மேசை ஸ்பீக்கர் ஜோடி நல்லதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஹெட்போன் என்றீர்கள். நான் பிடிவாதமாக ஸ்பீக்கர் வாங்கினேன்.

முதல் வாரம் நொந்துபோனேன். பாஸ் கிட்டார் (தாழ்ந்த ஒலி தரும் கிட்டார்) வரும்போதெல்லாம் அறையே குடம் போல முழங்கியது. கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, அறையில். 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர், என் அறையோ பத்துக்குப் பத்தடி, மூன்று மீட்டர்தான். இவ்வளவு நீள அலை சின்ன அறையில் சுவர்களில் மோதி மோதிக் குவிகிறது. மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி இன்னும் பெருக்கும். இரண்டையும் மூலையிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தி, எனக்கும் அவற்றுக்கும் சம தூரம் வருமாறு முக்கோணமாக உட்கார்ந்தேன். பாடகி நடுவில் நின்று பாடுவதுபோல் ஆகிவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை!

அப்புறம் தம்பியின் கம்பி வைத்த ஹெட்போனை இரவல் வாங்கினேன். ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சம்தான்: மிருதங்கத்தில் விரல் படுவது, பாடகர் மூச்சிழுப்பது எல்லாம் அதில்தான் தெளிவு. விலை என் ஸ்பீக்கரில் பாதிகூட இல்லை. ஒலி நேராகக் காதுக்கே போவதால் அறை குறுக்கே வராதே, அதனால்தான் அந்தத் தெளிவு! ஆனால் ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு பக்க ஒலியையும் கேட்கும். ஹெட்போனில் அந்தந்தக் காதுக்கு அந்தந்தப் பக்கம் மட்டும். அதனால் கச்சேரி தலைக்குள்ளேயே நடக்கிறது.

சரி, நுணுக்கத்துக்கும் காசுக்கும் ஹெட்போன் என்றவர்கள் ஜெயித்தீர்கள். ஆனாலும் ஸ்பீக்கரைத் திருப்பித் தரப்போவதில்லை. சமைத்துக்கொண்டே அம்மாவும் கேட்கிறார். இரவு பதினோரு மணிக்கு மேல் தம்பியின் ஹெட்போன். அவன் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.