புரோநவுன் எட்டு வகையா, பத்து வகையா?

தொண்டி டியூஷன்:
ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணத்தில் புரோநவுன் (பெயருக்குப் பதிலாக வரும் சொல்) நடத்துகிறேன். ஒரு கையேட்டில் எட்டு வகை, இன்னொன்றில் பத்து. எதைச் சொல்லிக்கொடுப்பது? பிள்ளைகள் வகைகளை மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். எழுதச் சொன்னால் ‘தி நெட் விச் ஐ பாட் இட்’ என்று வருகிறது. மை, மைன் இரண்டிலும் தடுமாற்றம்.

மண்டபம் டீச்சர்:
எண்ணிக்கைக்காக மண்டையை உடைக்காதீங்க சார். ஹிம்செல்ஃப் வகையறாவை ரிஃப்ளெக்சிவ் (செயல் செய்தவரையே திரும்பச் சேருவது), எம்ஃபாட்டிக் (அழுத்திச் சொல்வது) என்று பிரித்தால் ஒன்று கூடும். ஈச் அதர், ஈதர், நைதர் இவற்றைத் தனித்தனி வகையாக வைத்தால் இன்னும் கூடும். தேர்வுக்குப் பள்ளிப் புத்தகத்தின் கணக்கே போதும்.

ஹிம்செல்ஃபை எடுத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்க. ‘தி டிரைவர் ஹிம்செல்ஃப் மெண்டட் தி நெட்’ எடுத்தாலும் நிற்கும், அது எம்ஃபாட்டிக். ‘ஹி ஹர்ட் ஹிம்செல்ஃப்’ நிற்காது, அது ரிஃப்ளெக்சிவ்.

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் மை, வராவிட்டால் மைன்: ‘மை போட்’, ‘தி போட் இஸ் மைன்’. ஹிஸ் மட்டும் இரண்டு இடத்திலும் மாறாது.

பாம்பன் வாசகர்:
‘விச்... இட்’ பிழைக்குக் காரணம் இருக்கிறது. ‘நான் வாங்கின வலை’ என்று தமிழில் பெயரெச்சத்திலேயே காரியம் முடிந்துவிடும், விச் மாதிரி ஒரு சொல்லே தேவைப்படாது. ஆகவே விச்சை வெறும் ஒட்டாக நினைத்து, வாங்கிய பொருளைக் காட்ட இட்டையும் போடுகிறார்கள்.

பலகையில் இரண்டு வாக்கியம் எழுதுங்க: ‘தி நெட் இஸ் டோர்ன்.’ ‘ஐ பாட் இட் யெஸ்டர்டே.’ இட்டைக் கோடு போட்டு அடித்து, மேலே விச் எழுதி, அம்புக்குறியால் அந்த வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோங்க. அப்படியே நெட்டுக்குப் பின்னால் செருகினால் ‘தி நெட் விச் ஐ பாட் யெஸ்டர்டே இஸ் டோர்ன்’. இட்டை டஸ்டரால் துடைத்துவிடாதீங்க. அடித்த கோடு தெரிந்தால்தான் ‘இட்தான் விச்சாக மாறியது’ என்று பிடிபடும்.

ஒரே ஒரு பொருளைப் பற்றிய கூடுதல் தகவல் என்றால் இருபுறமும் கமா: ‘தி ஓல்ட் பாம்பன் பிரிட்ஜ், விச் ஓபன்ட் இன் 1914, ஹேட் எ லிஃப்டிங் ஸ்பான்’. அங்கே தட் வராது.

கீழக்கரை ஆசிரியர்:
இதைவிட அதிகம் மதிப்பெண் போவது மரியாதையில். வாப்பாவையும் டீச்சரையும் ‘அவங்க’ என்றே சொல்லிப் பழகிய பிள்ளை, 1931இல் ராமேஸ்வரத்தில் பிறந்த கலாமைப் பற்றி எழுதும்போது ‘தே வேர் எ சயின்டிஸ்ட்’ என்கிறது. ‘ஹி வாஸ்’ என்று எழுதுவதில் மரியாதைக் குறைவே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடணும். எழுதுமுன் இரண்டு கேள்வி: ஒருவரா பலரா? ஒருவர் என்றால் ஆணா பெண்ணா? ‘அவர்’ ஆண், பெண் இருவருக்கும் வருவதால் லேடி டாக்டரையும் ஹி ஆக்கிவிடுவார்கள்.

தொண்டி டியூஷன்:
விச் முறையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். ‘அவுட்சைட் இஸ் டார்க்’ என்றும் எழுதுகிறார்களே?

மண்டபம் டீச்சர்:
‘வெளியே இருட்டா இருக்கு’ என்பதற்குத் தமிழில் எழுவாய் வேண்டாம். ஆங்கிலத்தில் கட்டாயம்: ‘இட் இஸ் டார்க் அவுட்சைட்’. மணி, தூரம், மழை, வெயில் எல்லாவற்றுக்கும் இந்த இட்தான். எதையும் சுட்டாது, இடத்தை நிரப்பும். வகை கேட்டால் பெர்சனல் புரோநவுன் என்றே எழுதச் சொல்லுங்க.