செப்சிஸுக்கு ‘அழுகல்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செப்சிஸ் (sepsis) என்ற நோய்ப்பெயரைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்ட இழையில் ‘உடலழுகல்’, ‘குருதியழுகல்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. கிரேக்க மூலத்துக்கு அழுகுதல் என்றுதான் பொருள், ஆகவே அந்த வகையில் இரண்டும் சரி. ஆனால் நாம் பெயர் வைக்கப்போவது இன்றைய மருத்துவர் சொல்லும் நோய்க்கு. 2016இல் திருத்திய வரையறைப்படி, தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல் கட்டுமீறிப்போய்த் தன் உறுப்புகளையே செயலிழக்க வைத்து உயிருக்கு உலை வைக்கும் நிலைதான் செப்சிஸ். நிமோனியாவிலோ சிறுநீர்த் தொற்றிலோ இது வரலாம். உடலில் ஓர் இடமும் அழுகியிருக்க வேண்டியதில்லை. ‘அழுகல்’ என்று சொன்னால் நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது, “காலை எடுக்கணுமா?” என்பதாகத்தான் இருக்கும்.

அழுகலைச் சவக்கூறாய்வுக்கு விட்டுவிடுவோம். இறந்தபின் முதலில் நடப்பது கிருமி வேலையே அல்ல, செல்லின் சொந்த நொதிகளே செல்லைக் கரைக்கின்றன. அப்புறம்தான் குடலில் இருந்த பாக்டீரியாக்கள் கிளம்புகின்றன. அடிவயிற்றின் வலப்பக்கம், பெருங்குடல் தொடங்கும் இடத்தை ஒட்டி, பச்சை நிறம் படர்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம். பிறகு வாயு, வீக்கம், நாற்றம். அந்த நாற்றத்தில் பங்குள்ள பியூட்ரெசின், கடாவெரின் என்ற இரண்டு வேதிப்பொருள்களையும் 1885இல் ஜெர்மன் மருத்துவர் பிரீகர் பிரித்துக் காட்டினார்.

செப்சிஸையும் அழுகலையும் ஒரே சொல்லில் அடைத்தது நம் தவறல்ல, 19ஆம் நூற்றாண்டே அப்படித்தான் நினைத்தது. 1847இல் வியன்னாவில் கோலெட்ச்கா என்ற மருத்துவர் பிணப்பரிசோதனையின்போது விரலில் கத்திபட்டு இறந்தார். பிரசவ வார்டில் தாய்மார்களைக் கொன்ற காய்ச்சலும் அதே நோய்தான் என்று அங்கே பிரசவ வார்டில் இருந்த மருத்துவர் செம்மல்வைஸ் கண்டுகொண்டது அந்தச் சாவிலிருந்துதான். நம் ஊரில் பிரசவ ஜன்னி என்பார்களே, அதேதான். ‘பிணத்துகள்’ கையோடு வருகிறது என்று நினைத்துக் குளோரின் நீரில் கைகழுவச் சொன்னார். காரணம் முழுதாகப் பிடிபடவில்லை, ஆனால் சாவு குறைந்தது. 1868இல் பெர்க்மான், ஷ்மீடபெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அழுகிய ஈஸ்டிலிருந்து நஞ்சொன்றைப் பிரித்து ‘செப்சின்’ என்றே பெயரிட்டார்கள்.

பைரோஜீனியம் என்ற ஹோமியோபதி மருந்து பிறந்தது இந்தச் சூழலில். 1880இல் லிவர்பூல் மருத்துவர் டிரைஸ்டேல் எழுதிய பிறகுதான் அது பரவலானது. கொழுப்பில்லாத மாட்டிறைச்சியை நீரில் போட்டு வாரக்கணக்கில் வெயிலில் அழுகவிட்டுச் செய்கிற மருந்து. நோய் என்றால் அழுகல், ஆகவே அழுகலே மருந்து: அவர்கள் கணக்கில் தர்க்கம் இடிக்கவில்லை. காய்ச்சலுக்கும் நாடித்துடிப்புக்கும் பொருத்தமில்லாமல் இருப்பது, படுக்கை கல்போல உறுத்துவது என்று குறிகளும் நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 30சி வீரியம், அதாவது நூறில் ஒரு பங்காக 30 முறை நீர்ப்பது, என்பது ஒன்றுக்குப் பின் 60 சுழியங்கள் போட்ட அளவு நீர்ப்பு. 12சியைத் தாண்டினாலே மூல இறைச்சியின் மூலக்கூறு ஒன்று மிஞ்சுவது அபூர்வம். செப்சிஸை அது தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. செப்டிக் அதிர்ச்சியில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போய்ச்சேர வேண்டும் என்கிறார்கள், அந்த நேரத்தை உருண்டைகளில் செலவழித்தால் ஆளே போய்விடுவார். ஹோமியோபதி அன்பர்கள் கோபிக்க வேண்டாம், ‘அழுகல்’ என்ற சொல்லை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

என் பரிந்துரை ‘தொற்றுக்குலைவு’. தொற்றால் வந்த குலைவு. வல்லெழுத்தை விடாதீர்கள், ‘தொற்று குலைவு’ என்றால் தொற்றே குலைந்துபோனதாகப் பொருள் மாறிவிடும். செப்டிக் ஷாக், ‘தொற்றுக்குலைவு அதிர்ச்சி’. நேற்று ஒருவர் சொன்ன ‘குருதிநஞ்சு’ பேச்சுவழக்குக்கு நெருக்கம்தான், ஆனால் பாம்புக்கடிக்கும் அதையே சொல்வார்கள். “புண் செப்டிக் ஆயிடுச்சு” என்பதற்குச் ‘சீழ்பிடித்தல்’ இருக்கவே இருக்கிறது. செப்டிக் டேங்கைத் தொட வேண்டாம், அங்கே அழுகலுக்குத்தான் வேலையே.

நோயாளிக்குக் கொடுக்கும் துண்டறிக்கையில் மட்டும் சில காலம் ‘செப்சிஸ்’ என்பதையும் பக்கத்தில் போடலாம்.

இறந்தபின் செல் தன்னைத்தானே கரைத்துக்கொள்கிறது என்றேனே, அதற்குத் ‘தற்கரைவு’ என்ற சொல்லைக் குறித்து வைத்திருக்கிறேன். ‘தன்னழிவு’ என்றால் தற்கொலை வாடை அடிக்கிறது. தடயவியலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.