கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் போதுமா?

கேள்வி: முதல் பிசி. ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டோடு வரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?

பதில் 1: வேண்டாங்க. லேபிளில் 12 வோல்ட் வரியைப் பாருங்க. 18 ஆம்பியர் என்றால் வெறும் 216 வாட்தான். கார்டு 170 வாட், பிராசசர் 76 வாட் வரை இழுக்கும். இரண்டுக்கும் 12 வோல்ட்தான் தீனி. கேம் ஓடும்போதே அணைந்துவிடும். மட்டமான சப்ளை போகும்போது போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாத நல்ல 550 வாட் எடுங்க.

பதில் 2: சப்ளை மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கு மட்டும்தான். ஓவர்கரண்ட் (அளவுக்கு மீறிய கரண்ட்), ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்க. இன்னொன்று, பி450இல் பழைய பயாஸ் (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) இருந்தால் 5600க்கு டிஸ்ப்ளேயே வராது. கடையிலேயே அப்டேட் போட்டு வாங்குங்க.

பதில் 3: மாடுலர் சப்ளையில் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) வேறு சப்ளையின் கேபிளைச் செருகாதீங்க. கனெக்டரில் பின்களின் (pin) வரிசை மாறியிருந்தால் எஸ்எஸ்டி எரிந்துவிடும்.