கற்பூரத்தில் நானோ குழாய்: பசுமையா, பம்மாத்தா?

வெள்ளவத்தைக்காரன்:
மகளின் பள்ளிக் கண்காட்சியில் ஒரு பிள்ளை கற்பூரத் தட்டில் படிந்த கரியைச் சுரண்டிக் காட்டி, "இது கார்பன் நானோ குழாய், தாவரத்திலிருந்து வருவதால் பசுமையானது" என்றாள். நானோ குழாய் என்றால் தலைமயிரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய கார்பன் குழல். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டில் படிவது வெறும் புகைக்கரி. செட்டியார் தெருவில் நாம் வாங்கும் கற்பூரமும் பெரும்பாலும் கற்பூர மரத்தில் வடித்ததில்லை, டர்பன்டைனில் செய்தது. நமது பொகல, கஹட்டகஹ சுரங்கங்களில் 95 வீதத்துக்கு மேல் கார்பன் உள்ள காரீயம் (பென்சிலில் வரும் கிராஃபைட்) கிடக்கிறது. அதை ஏடு ஏடாக உரித்தால் கிராஃபீன், அதாவது ஓர் அணு தடிப்புள்ள கார்பன் தாள். பிறகு எதற்கு இந்தப் பம்மாத்து?

சிரட்டைக்கரி:
அண்ணை, டர்பன்டைன் எங்கேயிருந்து வருகிறது? பைன் மரத்துப் பிசினில். அதுவும் மரம்தானே! பிள்ளை சொன்னது முழுப் பிழையுமில்லை. ஜப்பானின் மெய்ஜோ பல்கலைக்கழகத்தில் முகுல் குமாரும் யோஷினோரி அண்டோவும் 2000களின் தொடக்கத்திலேயே கற்பூரத்தில் நானோ குழாய் வளர்த்தார்கள். கற்பூரத்தையும் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தையும் ஆவியாக்கி, மந்த வாயுவோடு சுமார் 900 பாகை உலைக்குள் அனுப்புவார்கள். ஃபெரோசீன் உடைந்து விழும் இரும்புத் துகளில் கார்பன் பற்றி, மயிர் முளைக்கிற மாதிரி நீளும்.

வெள்ளவத்தைக்காரன்:
அந்த உலைக்குக் கரண்ட் எங்கேயிருந்து? நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எரித்து இங்கே பசுமை நானோவா? குழாயில் சிக்கிய இரும்பை எடுக்க அசிட்டில் வேறு கழுவவேண்டும். அந்தத் தண்ணீர் களனி கங்கைக்கா?

குசினி விஞ்ஞானி:
எல்லாவற்றுக்கும் 900 பாகை வேண்டாம் தம்பி. 2012இல் இந்திய ஆய்வாளர்கள் தோடம்பழச் சாற்றை மூடிய கலத்தில் 120 பாகையில் இரண்டரை மணி நேரம் வைத்துக் கார்பன் புள்ளிகள், அதாவது சில நானோமீட்டர் அளவுள்ள ஒளிரும் கார்பன் துகள்கள், எடுத்தார்கள். நானும் படிக்கிற காலத்தில் ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தேன். வந்தது தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பழுப்பு நீர், இவ்வளவுதானா என்றிருந்தது. காசுத்தாள் பார்க்கிற ஊதா டோர்ச்சைப் பிடித்ததும் போத்தல் முழுக்க நீலப்பச்சையாக எரிந்தது.

வெள்ளவத்தைக்காரன்:
ஒளிரட்டும் அக்கா. ஆனால் பேச்சு குழாயைப் பற்றி. கம்பியும் பொட்டும் ஒன்றா? அதோடு தோடம்பழம் விற்கிற விலைக்குக் குடித்துவிட்டுப் போகலாம்.

சிரட்டைக்கரி:
பழத்தை விடுங்கள், சிரட்டைக்கு வாருங்கள். நான் வேலை செய்கிற இடத்தில் சிரட்டைக்கரியை நீராவியில் சுட்டுத் துளைபோடுகிறோம். பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டரிலும் சிறியவை. ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு, அதாவது கிட்டத்தட்ட கால் ஏக்கர் காணி. தண்ணீர் வடிகட்டிக்கும், கரண்டை வேகமாகச் சேமித்துக் கொடுக்கிற சூப்பர் கெப்பாசிட்டருக்கும் இதுதான் போகிறது. காரீயம் தோண்டினால் தீரும். தென்னை மாதாமாதம் காய்க்கும்.

வெள்ளவத்தைக்காரன்:
சிரட்டைக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன், எப்படியும் எறிகிற பொருள். ஆனால் மூலப்பொருள் மரம் என்பதற்காகப் பசுமை என்று எழுதாதீர்கள். உலையையும் அசிட்டையும் கணக்கில் சேருங்கள்.

குசினி விஞ்ஞானி:
அது நியாயம். அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னீர்களா?

வெள்ளவத்தைக்காரன்:
எங்கே! நானும் கைதட்டிவிட்டுத்தான் வந்தேன்.