கலைச்சொல் உதவி: மழைநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புகளின் களச்சோதனை (வெள்ளிக்குள் வேண்டும்)

வா. எழுதியது:

நண்பர்களே, வணக்கம்.

மழைநீர் வடிகால்களில் வைக்கும் சுத்திகரிப்பு அமைப்புகளைக் களத்தில் சோதிக்கும் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மணல் வடிகட்டி, படிவுக் குட்டை, செடிப் படுகை என்று அமைப்புகளின் பெயர்கள் ஓரளவு அமைந்துவிட்டன. மாட்டிக்கொண்டது வேறிடத்தில்.

மூலத்தில் பெர்ஃபாமன்ஸ், எஃபிசியன்சி, எஃபெக்டிவ்னஸ் மூன்றும் வருகின்றன. மூன்றுக்கும் தனித்தனி வரையறை. முதலாவது, தனக்குள் வந்த நீரை அமைப்பு எவ்வளவு நன்றாகக் கையாண்டது என்பது. இரண்டாவது, மாசில் எத்தனை பங்கை அது பிடித்துவைத்தது என்பது. மூன்றாவது, உள்ளே நுழையாமல் தாண்டிப்போன நீரையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் என்ன தேறியது என்பது. என்னிடம் உள்ள அகராதிகளில் மூன்றுக்கும் 'செயல்திறன்' கிடைக்கிறது. ஒரே பத்தியில் 'செயல்திறனும் செயல்திறனும் வேறு வேறு' என்று எழுத வேண்டிய நிலை. காப்பாற்றுங்கள்.

கோ. எழுதியது:

அன்புள்ள வா.,

மூன்று சொல் இருக்கட்டும், தலைப்பிலேயே இடறுகிறதே. 'சுத்திகரிப்பு' எதற்கு? கலங்கிய நீரைத் தெளிய வைப்பதற்குச் சங்கத் தமிழிலேயே வினை இருக்கிறது: தேற்றுதல். தேற்றா மரத்தின் விதையால் கலங்கல் நீரைத் தெளிவிப்பது கலித்தொகையில் உவமையாகவே வந்திருக்கிறது. தேறு தன்வினை, தேற்று பிறவினை. தெளிந்த கள் தேறல். நீர் தானாகப் படிந்து தெளிந்தால் தேறுகிறது; அமைப்பு வைத்துத் தெளிவித்தால் தேற்றுகிறோம். நீங்களே உங்கள் மடலில் 'என்ன தேறியது' என்று எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? ஆகவே மழைநீர்த் தேற்றகம். களச்சோதனைக்குத் தேற்றாய்வு.

ந. எழுதியது:

கோ. ஐயா, தேற்றகம் என்று பலகை வைத்தால் மழைநீருக்கு ஆறுதல் சொல்லும் இடம் என்றுதான் எங்கள் பையன்கள் நினைப்பார்கள்.

விளையாட்டு போகட்டும். பொருளிலும் இடிக்கிறது. தேற்றுவது கலங்கலைத் தெளிவிப்பது. வடிகாலில் வரும் நீரில் மண்ணும் தூசும் மட்டுமா இருக்கின்றன? கரைந்த செம்பு, துத்தநாகம், பாஸ்பரஸ் எல்லாம் உண்டு. கண்ணாடிபோலத் தெளிந்து வெளியேறும் நீரிலும் அவை இருக்கும். தெளிவைத் தூய்மை என்று எண்ணிக்கொள்ளாதே என்பதுதான் சோதனைக்குப் போகும் பணியாளருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம். அதையே சொல்லில் குழப்பி வைக்கலாமா? சுத்திகரிப்பு எல்லாருக்கும் தெரிந்த சொல், விடுங்கள்.

மீ. எழுதியது:

வகுப்பறையிலிருந்து ஒரு வார்த்தை. பிதாகரஸ் தேற்றம் நடத்தி முடித்து, அடுத்த பாடவேளையில் இலக்கணத்தில் தேற்றேகாரம் நடத்தி, அதற்கடுத்து மழைநீர்த் தேற்றகம் என்றால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். 'தூய்விப்பு' வேண்டுமானால் பார்க்கலாம். ஆனால் வா. கேட்டது அது இல்லையே?

இன்னொன்று: வரைவின் 3ஆம் பக்கத்தில் 'புயல்நீர்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பின் வேலைபோல. மழைநீர் என்று மாற்றிவிடுங்கள்.

கோ. எழுதியது:

மீ. அம்மா, அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். புயல் என்பதற்கு இன்று சூறாவளி என்று பொருள் கொள்கிறோம். பழைய பொருள் மேகமும் மழையும். 'புயலென்னும் வாரி' என்கிறது குறள், வான்சிறப்பிலேயே. அங்கே புயல் மழைதான். இயந்திரம் தெரியாமல் செய்தாலும் வள்ளுவர் வழியில்தான் நடந்திருக்கிறது! வாரி என்பதும் கவனிக்கத்தக்கது. வருவாய், வெள்ளம் என்று இரு பொருளும் அதற்கு உண்டு. வடிகாலுக்குள் வரும் நீருக்கு 'வாரி' என்றே பெயரிடலாம். வாரிநீர், தேற்றுநீர் என்று உள்வருவதும் வெளிச்செல்வதும் அழகாக இணைகின்றன.

வா. எழுதியது:

ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கையேட்டைப் பிடிக்கப்போகிறவர் மழையில் நனைந்துகொண்டு மாதிரி பாட்டிலுக்கு ஒட்டுச்சீட்டு எழுதுபவர். இன்லெட், அவுட்லெட் என்றுதான் பேசுகிறார். 'உள்வாய்', 'வெளிவாய்' என்று போட்டிருக்கிறேன், அதற்கே ஆசிரியர் குழு முகம் சுளித்தது. என் மூன்று சொல்லுக்கு வருவோமா? செம்புலப் பெயல்நீரையும் யாரும் இழுக்காமல் இருந்தால் புண்ணியம்.

ந. எழுதியது:

சரி, கணக்கோடு சொல்கிறேன், சொல் தானாக வரும்.

ஓர் அமைப்புக்குள் லிட்டருக்கு 200 மில்லிகிராம் தொங்கு திண்மத்தோடு (கரையாமல் நீரில் கலந்து நிற்கும் துகள்கள்) நீர் போகிறது, 40 ஆக வெளியே வருகிறது. 80 விழுக்காடு பிடித்துவிட்டது. இன்னொன்றில் 20 போகிறது, 10 வருகிறது. 50 விழுக்காடுதான். ஆனால் எந்த நீர் சுத்தம்? இரண்டாவது. உள்ளே வருவதே சுத்தமாக இருந்தால் பிடிப்பதற்கு மிச்சம் ஏது? அதனால்தான் விழுக்காட்டை மட்டும் வைத்து அமைப்பை எடைபோடக் கூடாது என்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை வகுத்த நெறிமுறையிலும் உள்வரும் செறிவு 100க்கு மேலிருந்தால் 80 விழுக்காடு நீக்கம் கேட்பார்கள். அதற்குக் கீழே போனால் விழுக்காட்டை விட்டுவிட்டு, வெளியேறும் நீர் 20ஐத் தாண்டக் கூடாது என்பார்கள்.

ஆகவே எஃபிசியன்சி இங்கே வெறும் 'நீக்க விழுக்காடு'. அதில் திறன் என்ற பாராட்டே வேண்டாம். எரு அதிகம் கலந்த புதுச் செடிப் படுகையில் உள்ளே போனதைவிட அதிகப் பாஸ்பரஸ் வெளியே வருவதுண்டு. அப்போது 'திறன் மைனஸ் முப்பது' என்று எழுதினால் சிரிப்பார்கள். 'நீக்கம் மைனஸ் முப்பது' என்றால் விஷயம் புரியும்.

பெர்ஃபாமன்ஸ் செயல்திறனாகவே இருக்கட்டும். மூன்றாவதுதான் சிக்கல். அதே 80 விழுக்காடு அமைப்பு. பெருமழையில் 100 பங்கு நீரில் 60 பங்குதான் உள்ளே போனது, மிச்சம் தாண்டிப் போய்விட்டது. மொத்த நீக்கம் 48 விழுக்காடு. இதற்கு 'மொத்தப் பயன்' என்று வைக்கலாமா? தாண்டிப்போகும் நீருக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: மறுகால். ஏரி நிரம்பினால் மறுகால் பாய்கிறது, இங்கும் அதேதான்.

கோ. எழுதியது:

மறுகால்! இதற்கு என் முழு வாக்கு. 'மொத்தப் பயன்' தட்டையாக இருக்கிறது, ஆனாலும் தமிழ். 'நீக்க விழுக்காடு' என்றீர்கள், 'சதவீதம்' என்று எழுதாததற்குத் தனி நன்றி. தொங்கு திண்மம் ஏற்கத்தக்கதே. சிலர் 'மிதக்கும் திடப்பொருள்' என்று எழுதுகிறார்கள். மிதப்பது எண்ணெயும் நெகிழிப் பையும்.

மீ. எழுதியது:

எனக்கு 'மொத்தப் பயன்' வேண்டாம். பயன் என்றால் யாருக்கு என்று கேட்பார்கள். 'மொத்த விளைவு'?

வா. எழுதியது:

விளைவு நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். பயன் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. ஒரு மழையில் வந்த மாசின் மொத்த எடையை அந்த மழையின் மொத்த நீரளவால் வகுத்துக் கிடைக்கும் செறிவு. மூலத்தில் 'ஈவென்ட் மீன் கான்சன்ட்ரேஷன்'. 'நிகழ்வுச் சராசரிச் செறிவு' என்று வைத்திருக்கிறேன், ஏதோ விழா அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது.

கோ. எழுதியது:

பெயல்! ஒருமுறை பெய்து ஓய்வது பெயல். பெயற்செறிவு. (செம்புலத்தை நான் இழுக்கவில்லை, சொல் மட்டும் அங்கிருந்து.)

ந. எழுதியது:

'மழை' போதுமே ஐயா. 'ரெண்டு மழை விழுந்தது' என்று எண்ணித்தானே பேசுகிறோம். எது ஒரு மழை, எது இரண்டு என்பதை இடையில் காய்ந்த நேரத்தை வைத்து நெறிமுறை சொல்லிவிடும். மேலே சொன்ன நெறிமுறையில் குறைந்தது 6 மணி நேரம். ஆகவே 'ஒருமழைச் செறிவு'.

சராசரி என்ற சொல் வந்தால், பாட்டில்களின் அளவீட்டைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். முதல் 10 கன மீட்டர் நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் (அதாவது கன மீட்டருக்கு 300 கிராம்), அடுத்த 40 கன மீட்டரில் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி வகுத்தால் 175. எடைக்கணக்குப் போட்டால் 3000 கிராமும் 2000 கிராமும் சேர்ந்து 5000, அதை 50 கன மீட்டரால் வகுக்க 100. முதலில் வரும் அழுக்குநீர் சராசரியை அவ்வளவு தூக்கிவிடுகிறது. இதனால்தான் தானியங்கி மாதிரியெடுப்பியை நேரத்துக்கு ஒருமுறை இயங்க விடாமல், இத்தனை கன மீட்டர் ஓடினால் ஒரு மாதிரி என்று அமைக்கிறோம்.

மீ. எழுதியது:

அந்த முதல் அழுக்குநீருக்கு என்ன சொல்?

கோ. எழுதியது:

புதுப்புனல்.

ந. எழுதியது:

ஐயா, டயர் தூசும் இன்ஜின் ஆயிலும் கலந்து கறுப்பாக வருவது அது. புதுப்புனல் என்றால் விழா எடுத்துவிடுவார்கள். 'முதல் கழுவல்' என்கிறேன்.

வா. எழுதியது:

நேரமாகிவிட்டது, அனுப்பிவிட்டேன். செயல்திறன், நீக்க விழுக்காடு, மொத்தப் பயன், மறுகால், ஒருமழைச் செறிவு, முதல் கழுவல். சுத்திகரிப்பு அப்படியே இருக்கிறது. மீ. அம்மாவின் 'விளைவு' அடிக்குறிப்பில் உண்டு. எல்லாருக்கும் நன்றி.

கோ. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், உடன்படவில்லை. அடுத்த பதிப்பு எப்போது என்று தெரிந்தால் சொல்லுங்கள். தேறு, தெளி இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதைத் தனி இழையில் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.