ஊட்டியா, குன்னூரா, கோத்தகிரியா? அப்பா அம்மாவோடு பழைய பங்களாவில் இரண்டு இரவு

தாம்பரத்தான்:

வியாழன் இரவு சென்னையில் ரயிலேறி, திங்கள் காலை திரும்பிவிட வேண்டும். நடுவில் இரண்டு இரவு நீலகிரியில். அப்பாவுக்கு 72 வயது, மூட்டு வலி, படி ஏறி இறங்கக் கஷ்டம். அம்மாவுக்குக் கொண்டை ஊசி வளைவு என்றாலே குமட்டல். இடம் இடமாக ஓடிப் பார்க்கும் எண்ணம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் தங்கி, வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்தால் போதும்.

தேதி ஜூலை கடைசி வாரம் அல்லது நவம்பர் இரண்டாம் வாரம். எந்த ஊர்? மலை ரயில் இவர்களுக்குச் சரிப்படுமா? இணையத்தில் பார்த்தால் ஓட்டு போட்ட வீடெல்லாம் 'ஹெரிடேஜ்' என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

---

மேல்குன்னூர்:

ஊரை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேதியை முடிவு பண்ணுங்க. நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். தொட்டபெட்டா (2,637 மீ) முகடு குறுக்கே நிற்பதால் இரண்டும் ஒரே பக்கம் பெய்யாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்கே கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம்தான் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது. அந்த மழையின் மிச்சம் ஊட்டி நகரத்துக்கும் வரும், கூடவே குளிர்காற்றும். குன்னூரும் கோத்தகிரியும் முகட்டுக்குக் கிழக்கே இருப்பதால் அந்த மாதங்களில் மூடுபனி, சாரல், நடுநடுவே வெயில் என்று போய்விடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை அப்படியே தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் நேராக அடிக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து, மண்சரிவில் பல உயிர் போனது. எல்லா வருடமும் அப்படி இல்லைதான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் இரண்டு சாலையும் மலை ரயில் பாதையும் இதே கிழக்குச் சரிவில்தான் இருக்கின்றன. நவம்பரில் ஒரு பாறை உருண்டால் ரயில் ரத்து, சாலையில் ஒருவழி. திங்கள் காலை ஆபீஸ் போக வேண்டியவர் அந்த மாதத்தில் வரவே கூடாது.

அதனால் ஜூலை கடைசி, குன்னூர் அல்லது கோத்தகிரி. சீசன் முடிந்த மாதம், அறையும் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் மே மாதத்தை விடக் குறையும்.

இரண்டில் எது? மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டுமே ஏறத்தாழ 33, 34 கி.மீ.தான். குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி. கோத்தகிரி சாலையில் வளைவுகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை, வண்டியும் குறைவு, அம்மாவுக்கு அதுதான் தோது. ஆனால் மருத்துவமனை, கடை, ரயில், பழைய பங்களா எல்லாம் குன்னூரில்தான் அதிகம். மேல் குன்னூரில், பெட்ஃபோர்டு தாண்டி சர்ச் ரோடு, சிம்ஸ் பூங்கா சுற்று வட்டாரத்தில் பாருங்கள். கீழ்க் குன்னூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி எடுத்தால் இரண்டு நாளும் ஹாரன் சத்தத்தில்தான் டீ குடிக்கணும்.

---

நீராவி:

மலை ரயில் பற்றி. அம்மாவுக்கு நல்லது, அப்பாவுக்கு யோசிக்கணும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 9 மணிக்குச் சற்றுப் பிறகு நீலகிரி எக்ஸ்பிரஸ். காலை ஆறேகால், ஆறரைக்கு மேட்டுப்பாளையம். அங்கே 7.10க்கு மலை ரயில். குன்னூருக்குப் பத்தரை வாக்கில், ஊட்டிக்கு நண்பகல். நீங்கள் குன்னூரிலேயே இறங்கிவிடுவதால் மூன்றேகால் மணி நேரப் பயணம்தான்.

மலையடிவாரக் கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் இருக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறும். 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம், அதனால் அந்தத் துண்டில் ரயில் மெதுவாகத்தான் நகரும். சாலை வளைவில் வரும் உலுக்கல் இதில் இல்லை என்பதால் பலருக்குக் குமட்டல் வருவதில்லை. ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் முன்னால் பாதை திறந்து தெரியும், புகையும் குறைவு. குன்னூரில் டீசல் எஞ்சின் மாற்றுவார்கள். 1899ல் குன்னூர் வரை, 1908ல் ஊட்டி வரை வந்த பாதை. 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இனி சிரமங்கள். பெட்டியில் கழிப்பறை கிடையாது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஆடர்லி, ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நிற்கும்போது இறங்கினால்தான் உண்டு. பெரியவர்கள் நீர் மாத்திரை சாப்பிடுபவர்களானால் அன்று காலை வேளையை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எதிரெதிர் இருக்கை, காலை நீட்ட இடமில்லை. முதல் வகுப்பில் இருக்கை கொஞ்சம் தேவலை.

டிக்கெட் 60 நாள் முன்பாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். வார இறுதி இடங்கள் நிமிடங்களில் தீரும். நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைத் தனியாகவும் மலை ரயிலைத் தனியாகவும் எடுங்கள், முதலில் மலை ரயில். காத்திருப்புப் பட்டியலை நம்பாதீர்கள், பெட்டிகளே மூன்று நான்குதான்.

கிடைக்கவில்லையா? காரில் குன்னூர் ஏறிவிட்டு, சனிக்கிழமை குன்னூர்–ஊட்டி டீசல் ரயிலில் ஒரு தடவை போய் வாருங்கள். 19 கி.மீ., ஒன்றேகால் மணி. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழி. ஒரு நாளைக்குப் பல தடவை ஓடுகிறது. கேத்திப் பள்ளத்தாக்குக் காட்சி இந்தத் துண்டில்தான்.

---

பழங்கட்டடம்:

எதை நம்புவது என்று கேட்டீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹெரிடேஜ்' ஓட்டல் வகைப்பாட்டுக்குக் கட்டடம் 1950க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும், முகப்பும் மாறியிருக்கக் கூடாது. அந்தச் சான்றிதழ் உண்டா என்று கேட்கலாம். சின்ன பங்களாக்கள் பல அதற்கு விண்ணப்பிப்பதே இல்லை, அதனால் சான்று இல்லாதது எல்லாம் போலி என்று ஆகாது. வேறு ஒரு தந்திரம் இருக்கிறது. முன்னால் பழைய பங்களா, பின்னால் புதிதாக எழுப்பிய மூன்று மாடி. படத்தில் பங்களா வரும், கையில் கொடுக்கும் சாவி பின்கட்டினுடையது. "பழைய கட்டடத்திலேயே, தரைத்தளத்தில், இந்த எண் அறை" என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்பாவுக்காகப் பார்க்க வேண்டியவை: அந்தக் கால வீடுகளில் குளியலறை பிற்பாடு ஒட்டவைத்தது, அறையிலிருந்து ஒரு படி இறங்கும். பல இடங்களில் பழைய பாத்டப் இருக்கும், அதன் விளிம்பைத் தாண்டிக் காலை வைப்பது மூட்டு வலிக்காரருக்கு ஆகாது. கார் நிற்கும் இடத்திலிருந்து அறை வரை எத்தனை படி, சாப்பாட்டு அறை அதே தளத்திலா என்று வீடியோ அழைப்பில் நடந்து காட்டச் சொல்லுங்கள். மலைச்சரிவில் கட்டியதால் 'தரைத்தளம்' என்பதற்கே இருபது படி இறங்க வேண்டிய பங்களாவும் உண்டு.

வெந்நீர். 15 லிட்டர் கீசரா, 25 லிட்டரா? ஜூலையில் குழாய் நீர் ஜில்லென்றிருக்கும். 20 லிட்டர் வாளி நீரை உடம்பு தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவர கீசர் நீர் 12 லிட்டராவது வேண்டும். ஆக 15 லிட்டர் கீசரில் ஒருவர் குளிக்கலாம், 25ல் இரண்டு பேர். அது தீர்ந்தால் 2 கிலோவாட் கீசர் மறுபடி முழுதாகச் சூடாக முக்கால் மணி நேரம் பிடிக்கும். நீங்கள் மூன்று பேர். காலை ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் இந்தக் கணக்குதான் சண்டையில் முடிகிறது.

அறை ஹீட்டரும் கேளுங்கள். 2,000 வாட் ஆயில் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 15 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய வயரிங்கில் படுக்கையறையில் 5 ஆம்பியர் பாயின்ட் மட்டும்தான் இருக்கும். அடாப்டர் மாட்டிப் போட்டால் பிளக் உருகும். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் விளக்கு எரியும், கீசர் ஓடாது. ஜெனரேட்டர் கீசரையும் சேர்த்து இழுக்குமா என்று கேட்க வேண்டும்.

ஈரம்: தடித்த கல்சுவர், வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை என்றால் ஜூலையில் மெத்தையே பிசுபிசுக்கும். போவதற்கு முதல் நாள் மாலையே அறையில் ஹீட்டர் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கணப்பு (சுவரோடு சேர்ந்த விறகு அடுப்பு) இருந்தால் மூட்டுவதற்கு முன் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகைபோக்கிக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பினால் குழாயில் கரியோ பறவைக் கூடோ அடைத்திருக்கலாம், மூட்டவே கூடாது. எரியும்போது ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள், தூங்கப் போகும் முன் முழுக்க அணைந்ததா என்று பாருங்கள். கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் கொண்டுவருவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே முடித்துவிடும். விறகு பெரும்பாலும் கட்டுக் கணக்கில் தனி பில்.

---

கோக்கர்ஸ்நடை:

எல்லோரும் நீலகிரியிலேயே நிற்கிறீர்கள். மூட்டு வலிக்குக் கொடைக்கானல்தானே சரி? ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கி.மீ. சமதளச் சாலை, 1872ல் போட்ட கோக்கர்ஸ் வாக் ஒரு கி.மீ. கல் பாவிய பாதை. குன்னூரில் எங்கே போனாலும் ஏற்றம் இறக்கம். வரலாறும் குறைச்சலில்லை: 1845ல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் போட்ட முதல் இரண்டு பங்களாவிலிருந்து வளர்ந்த ஊர், 1863ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்த ஏரி.

---

மேல்குன்னூர்:

நடப்பதற்குக் கொடைக்கானல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொடை ரோடு ஸ்டேஷனிலிருந்து 80 கி.மீ., அதில் பெரும்பகுதி வளைவு, மூன்று மணி நேரம். குமட்டல்காரருக்குப் போக மூன்று, வர மூன்று. மூன்று இரவு இருந்தால் அங்கே போகச் சொல்வேன்.

---

தாம்பரத்தான்:

ஜூலை கடைசி, குன்னூர் என்று முடிவு. கார் வைத்துக்கொண்டால் இ-பாஸ் வேண்டுமா? ஞாயிறு எப்படி இறங்குவது? அங்கே அதிகம் நடக்காமல் பார்க்க ஒன்றிரண்டு சொல்லுங்கள்.

---

மேல்குன்னூர்:

வெளியூர்க் கார் என்றால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நடைமுறை. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். கல்லாரிலும் கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனையிலும் பார்ப்பார்கள். ரயில், அரசு பஸ் பயணிக்குத் தேவையில்லை, டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிக்கும் வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்கே குன்னூர் டாக்ஸியை வரச் சொன்னால் தொல்லை தீர்ந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்தில் தடை, ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள்.

வெள்ளி மதியம் அறைக்கு வந்தால் அன்று எங்கேயும் போகாதீர்கள். சனி காலை சிம்ஸ் பூங்கா (1874). அது பள்ளத்தில் இறங்கும் பூங்கா. அப்பா மேல்தட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்ளட்டும், கீழே இறங்கினால் திரும்ப ஏறணும். டால்பின் மூக்குக் காட்சிமுனைக்கு ஜூலையில் போவது பெட்ரோல் செலவுதான், பாதி நாள் வெள்ளை மூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அதற்குப் பதில் காரில் 21 கி.மீ. கோத்தகிரி. பக்கத்தில் கன்னேரிமுக்கில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819ல் கட்டிய பங்களா, இப்போது ஆவண மையமாக இருக்கிறது. நீலகிரியில் ஐரோப்பியர் குடியேற்றம் அங்கேதான் தொடங்கியது, ஊட்டியில் இல்லை. வழியெல்லாம் தேயிலை, நடக்க வேண்டியதே இல்லை. வரும்போது வர்க்கி (மொறுமொறு பேக்கரிப் பண்டம்) வாங்குங்கள், அன்று சுட்டதா என்று கேட்டு.

ஞாயிறு இறங்க மலை ரயில் வேண்டாம். ஊட்டியில் 2 மணிக்குக் கிளம்பி, மூன்றேகால் வாக்கில் குன்னூர் வந்து, 5.35க்கு மேட்டுப்பாளையம் சேரும். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு 9 மணியை ஒட்டித்தான், மூன்று மணி நேரம் பிளாட்பாரத்தில் பெரியவர்களை உட்காரவைக்கணும். அறையை மாலை வரை நீட்டித்துக் கேளுங்கள், ஜூலையில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஐந்தரைக்கு டாக்ஸி ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் அம்மாவுக்கு வளைவு குறையும், சாலை சரிந்தாலும் மாற்ற நேரம் இருக்கும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் கொடுங்கள், வளைவு தொடங்கிய பிறகு கொடுத்தால் வேலை செய்யாது.